டை காயுற வரைக்கும்

இன்னும் அரை மணி நேரத்துக்குத் தலைய அசைக்கக் கூடாதுங்கிறான் சலூன்கார குமரேசன். அசைச்சா காதுல ஒட்டிக்கும், நெத்தியில வழியும், நாளைக்கு மேடையில கரி அப்பின மாதிரி நிப்பீங்க சார்ங்கிறான். சரிப்பா, அசைக்கல. அசையாம இருக்கிறதுல எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கழுத்தைச் சுத்தி இறுக்கிக் கட்டின துணிக்குள்ள ரெண்டு கையும் மாட்டிக்கிட்டுக் கிடக்கு, சட்டைப் பையில போன் நெஞ்சு மேல கனக்குது. அதை எடுத்து ஒரே ஒரு ஆளுக்கு அடிக்கணும், ஒரே ஒரு பேச்சு சொல்லணும். மச்சான், அந்தப் பேனரைக் கட்ட வேண்டாம். அவ்வளவுதான். காலையில பல் தேய்க்கிறப்பவே வாய்க்குள்ள வந்துச்சு, நுரையோட துப்பிட்டேன். மத்தியானம் சாப்பிடுறப்ப வந்துச்சு, ரசத்தோட உள்ள போயிருச்சு. இப்ப இங்க வந்து உக்காந்தா கையைக் கட்டிப் போட்டுட்டான். கட்டிப் போட்டுட்டான்னு சொல்லிக்கிறேன், துணிதானே, விலக்கினா விலகும். நாளைக்கு என் மக நிறைமொழிக்குச் சடங்கு, எங்களுக்கு அவ மொழி. பங்குனியில வயசுக்கு வந்தா, லீவு விட்டதும் வச்சுக்கலாம்னு நாள் குறிச்சாச்சு, மண்டபம் பிடிச்சாச்சு. அவளோட தாய்மாமன், அதாவது என் பொண்டாட்டி செல்வராணி கூடப் பொறந்த அண்ணன், சௌந்திரபாண்டி, பஜார் முக்குல ஒரு பேனர் வைக்கப் போறாரு. ஆள் உயரத்துக்கு என் பிள்ளை படம். மொழி என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, அந்தப் படம் வேண்டாம்னுதான். அப்பா பாத்துக்கிறேன்னு சொன்னேன். அந்தப் பேனர்ல ஓரமா என் படமும் இருக்கு, ஸ்டுடியோக்காரன் என் தலையக் கன்னங்கரேல்னு ஆக்கிட்டான். பேனர்ல கருப்பா இருந்துட்டு மேடையில வெள்ளையா நின்னா ஊரு சிரிக்கும்னு செல்வராணி என்னை இங்க துரத்தி விட்டா. பேனர் வேண்டாம்னு சொல்ல வேண்டியவன் பேனருக்குத் தோதா டை அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நல்லாருக்குடா தவசிலிங்கம், ரொம்ப நல்லாருக்கு உன் பொழைப்பு.

மூக்கு அரிக்குது. கையை எடுத்துச் சொறியலாம், ஆனா எடுத்தா அப்படியே போனையும் எடுக்கணும்ல, அதனால மூக்கு அரிச்சா அரிக்கட்டும். எதுத்தாப்புல கண்ணாடி, முதுகுக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி, ரெண்டுக்கும் நடுவுல நான் வரிசையா நிக்கிறேன், அத்தனை பேரு தலையிலயும் கருப்புச் சேறு. கண்ணாடியில ரோடும் தெரியுது, முக்குல இருக்கிற லைட் கம்பம் தெரியுது, கம்பத்துல இன்னும் ஒண்ணும் இல்ல. இன்னும் நேரம் இருக்கு. டிவியில யாரோ நாலு பேரு உக்காந்து பெண்கள் முன்னேற்றத்தைப் பத்திப் பேசுறானுங்க, நாலு பேருமே ஆம்பளைங்க. குமரேசன் சத்தத்தைக் குறைச்சுட்டான், வாய் மட்டும் அசையுது. இந்த மாதிரி நானும் நிறையப் பேசியிருக்கேன். பொம்பளைய மதிக்கணும்னு பேசுற ஆம்பளைக்கு ஊருக்குள்ள ரொம்ப மதிப்பு. பொம்பளைக்கு என்ன கிடைச்சதுன்னு எவனும் கேக்குறதில்ல. எனக்கு வீடு வீடாப் போயி கரண்ட் மீட்டர்ல ரீடிங் எடுக்குற வேலை, எத்தனை வருஷமாச்சு, ஒரு வீட்டு வாசலை மிதிச்சா உள்ள யாரு ராஜ்ஜியம்னு சொல்லிருவேன். கதவைத் தட்டினா உள்ள இருந்து குரல் வரும், வீட்டுல யாரும் இல்லைங்கன்னு. சொல்றது யாரு? அந்த வீட்டம்மாதான். அவ இருக்கா, மாமியா இருக்கா, ரெண்டு பொட்டப் பிள்ளைக இருக்குதுக, ஆனா யாரும் இல்ல. இன்னொரு வீட்டுல கனெக்‌ஷன் பேரு குருசாமின்னு இருக்கும், குருசாமி போய்ச் சேர்ந்து மாமாங்கம் ஆச்சு, அந்தம்மா பேருக்கு மாத்திக்கங்கன்னு சொன்னா, எதுக்குப்பா, அவரு பேர்லயே ஓடட்டும், ஆம்பளை பேரு இருந்தா ஒரு தைரியங்கிறா. உயிரோட இருந்தப்ப அந்த ஆளு குடிச்சுட்டு அந்தம்மாவைத் தெருவுல தள்ளிக் கதவைச் சாத்தினதை நானே பாத்திருக்கேன். செத்தப்புறம் தைரியம் குடுக்கிறான். ஆம்பளைங்க மட்டும் என்ன வாழுதாம். ரிட்டயர்டு ஆன வாத்தியாரு ஒருத்தரு மீட்டர் பொட்டிக்குக் கீழதான் நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு, போறப்பல்லாம் பாப்பேன், உள்ள போனா எதையாவது தட்டி விட்டுருவேன்னு பொண்டாட்டி வெளிய உக்கார வச்சுட்டாளாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அவளை அவன் மிதிக்கிறான், கால் ஓஞ்சதும் அவனை அவ ஒதுக்குறா, இதுக்குப் பேரு தாம்பத்யம், அறுபது வயசுல ரெண்டு பேருக்கும் மாலையப் போட்டு ஊரே கால்ல விழுது. எதைத்தான் நம்புறது. ஒரு காலத்துல எல்லாத்தையும் மாத்திரலாம்னு நெனச்சேன், அப்புறம் என் வீட்டையாவது மாத்திரலாம்னு நெனச்சேன், இப்ப ஒரு பேனரை மாத்த முடியல.

கம்பத்துல இன்னும் ஒண்ணும் இல்ல. மொழி கேட்டது போன வாரம். மொட்டை மாடியில டேங்க் நெறஞ்சிருச்சான்னு பாக்க ஏறினேன், பின்னாடியே வந்தா. முன்னல்லாம் வந்தா தோள்ல தொங்குவா, இப்ப ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறா. அதுவும் யாரு சொல்லிக் குடுத்தது? நான் சொல்லல. செல்வராணி சொல்லியிருப்பா, அப்பாவா இருந்தாலும் இனிமே தள்ளி நில்லுன்னு. பெத்த அப்பனுக்கும் ரெண்டடி. அந்த ரெண்டடியில நின்னுக்கிட்டு, அப்பா, பங்ஷன் வேணா நடத்திக்கோங்க, சேலை கட்டச் சொன்னா கட்டிக்கிறேன், யாரு தண்ணி ஊத்தினாலும் உக்காந்துக்கிறேன், ரோட்டுல மட்டும் போட்டோ வைக்க வேண்டாம்பான்னா. எல்லாரும் வைக்கிறதுதானம்மான்னேன். அப்பத்தான் சொன்னா, அவ கூட டியூஷன் படிக்கிற பிள்ளை ஒருத்திக்குத் தை மாசம் வச்சாங்களாம் இதே முக்குல. பயலுக அதைப் போன்ல படம் பிடிச்சு, கீழ என்னென்னமோ எழுதி, கிளாஸ் குரூப்ல போட்டு விட்டுட்டானுங்க. என்ன எழுதியிருந்ததுன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னு தலைய ஆட்டினா. அந்தப் பிள்ளை இப்ப டியூஷனுக்கே வர்றதில்லையாம். அப்பா, எனக்கு டியூஷன் போகணும்பான்னா. வேற ஒண்ணும் கேக்கல, படிக்கப் போகணும்னுதான் கேட்டா. அப்பா பாத்துக்கிறேன்னு சொன்னேன், அவ உடனே நம்பிட்டா, படிக்கட்டுல ரெண்டு ரெண்டு படியாத் தாவி எறங்கி ஓடினா. அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குது. அப்படி நம்பியிருக்கக் கூடாது பிள்ளை. வீட்டுல ஆம்பளை பாத்துக்கிறேன்னு சொன்னா, அந்தப் பேச்சை இதோட விடுன்னு அர்த்தம், எல்லாப் பொண்டாட்டிக்கும் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

செல்வராணிகிட்ட அன்னைக்குச் சாயங்காலமே சொல்லித்தான் பாத்தேன். அடுப்புல என்னமோ தாளிச்சுக்கிட்டு இருந்தா, திரும்பாமலே கேட்டுக்கிட்டா. நான் என்ன சொன்னேன்னா, நீ வயசுக்கு வந்தப்ப உனக்கு நடந்ததை நீயே சொல்லியிருக்கல்ல, பச்சைத் தென்னங்கீத்துல குச்சில் குடிசை கட்டி உன்னை வாசல்ல உக்கார வச்சாங்க, வேர்வையும் பூச்சியுமா அழுதுக்கிட்டுக் கிடந்தேன்னு, இன்னமும் பச்சைக் கீத்து வாசம் வந்தாக் குமட்டுதுன்னு, அப்புறம் எதுக்கு நம்ம பிள்ளைய ஊருக்கு முன்னாடி நிறுத்தணும்னேன். கரண்டிய வச்சுட்டுத் திரும்பினா. கோவம் இல்ல மொகத்துல. அலுப்புத்தான். "எனக்கு நடந்தது தப்புன்னு அப்ப ஒருத்தரும் சொல்லலையே. தப்பில்லைன்னு நெனச்சுத்தான் நான் இத்தனை நாளும் இருந்துட்டேன். இப்ப வந்து தப்புங்கிறீங்க. அப்ப நான் எதுக்கு அங்க உக்காந்திருந்தேன்?" மீட்டிங் போட்டு மைக் பிடிச்சுப் பேசுறவன் எவன்கிட்டயாவது இதுக்குப் பதில் இருக்குதா. பொம்பளைதான் பொம்பளைக்கு எதிரின்னு சுளுவாச் சொல்லிட்டுப் போயிரலாம், டீக்கடையில நானே சொல்லியிருக்கேன். கிட்டத்துல பாத்தா எதிரியும் இல்ல ஒண்ணும் இல்ல. கஷ்டப்பட்டது வீணாப் போச்சுன்னு ஒத்துக்க எந்த மனுசனுக்கும் மனசு வர்றதில்ல. அதுக்குப் பேசாம அதே கஷ்டத்துக்கு ஜிகினா ஒட்டி, லைட்டு போட்டு, அடுத்தவுகளையும் உக்கார வச்சுரலாம். அப்புறம் குரலைத் தணிச்சு இன்னொண்ணு சொன்னா, எனக்கு எங்கண்ணன் வேணுங்கன்னா.

அந்த அண்ணன் விவகாரம் இருக்கே. மொழி கைப்பிள்ளையா இருந்தப்ப காது குத்தினோம். எங்க பக்கத்துல தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும், மாமன் மடி இல்லாம பிள்ளை காதுல ஊசி படக் கூடாது. நான் அப்பப் பெரிய கொள்கைக்காரன். பெத்தவன் நான் இருக்கிறப்ப பிள்ளைய எதுக்கு இன்னொருத்தன் மடியில வைக்கணும், பொண்டாட்டி வீட்டுக்காரனைச் சீர் தூக்க வச்சு வேடிக்கை பாக்குற பழக்கம் எனக்கு வேண்டாம்னு சபையில சொல்லிட்டு, நானே பிள்ளைய மடியில வச்சுக்கிட்டேன். மச்சான் பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு, சம்மணம் போட்டு, மடிய விரிச்சு உக்காந்திருந்தாரு. அந்த வெறும் மடியோட கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தாரு. அப்புறம் எந்திரிச்சு, தங்கச்சி மொகத்தைக் கூடப் பாக்காம, பந்தியில கை நனைக்காமப் போனவருதான். பத்துப் பன்னெண்டு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல. நான் செஞ்சது சரிதான், இப்பவும் சொல்றேன், எவன்கிட்ட வேணாலும் வாதாடுறேன். ஆனா தீபாவளிக்குத் தீபாவளி வாசல்ல ஆட்டோ நின்னாப் போதும், செல்வராணி எட்டிப் பாப்பா. பொறந்த வீட்டுச் சேலை வராத பொம்பளைன்னு தெருவுல ஒருத்தி ஜாடையாச் சொன்னதுக்கு ரெண்டு நாள் சாப்பிடல. கொள்கை என்னுது. அதுக்கு உண்டான பட்டினி அவளுது. இதை நெனச்சா எனக்கு என் மேல கோவம் வருதா, அவ மேல வருதான்னே புரியல. ஒரு சேலைக்கா இத்தனை அழுகைன்னு ஒரு மனசு கேக்குது. உனக்கென்னடா தெரியும், உன்னை எவனாவது வேரோட பிடுங்கி இன்னொரு வீட்டுல நட்டு வச்சானான்னு இன்னொரு மனசு கேக்குது. கேள்வி மட்டும் நல்லாக் கேக்குது ரெண்டு மனசும். மொழி வயசுக்கு வந்த சேதிய அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினது அவதான், என்னைக் கேக்கல. மறுநாளே மச்சான் வந்து நின்னுட்டாரு. பழசை ஒரு வார்த்தை பேசல. மாப்ள, நல்லாருக்கீங்களான்னாரு, ஆளு தளந்து போயிருந்தாரு, முன் பல்லு ரெண்டு இல்ல. செல்வராணி ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டு அழுத அழுகை தெரு வரைக்கும் கேட்டுச்சு. அன்னையிலருந்து அவ நடையே மாறிப்போச்சு, பாத்திரம் கழுவுறப்பப் பாடுறா, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ பாடி நான் கேட்டதே இல்ல. இந்த ஆளுகிட்டப் போயித்தான் ரெண்டாவது தடவையும் வேண்டாம்னு சொல்லணும். அன்னைக்கு மடி வேண்டாம்னேன், இன்னைக்குப் பேனர் வேண்டாம். சொல்லலாம். சரியானதுதான், மொழிக்காகச் சொல்லியே ஆகணும். சொன்னா பாட்டு நின்னுரும்.

போன் அடிக்குது. நெஞ்சு மேல பூச்சி துடிக்கிற மாதிரி துடிக்குது. குமரேசனே துணிக்குள்ள கையை விட்டு எடுத்துட்டான், சார், மச்சான்னு வருதுங்கிறான். காதுல டை இருக்கு, ஒட்டிக்கும், நான் ஸ்பீக்கர்ல போடுறேன்னு அவனே போட்டு என் மொகத்துக்கு நேரா நீட்டிப் பிடிச்சான். தெய்வமே இல்லைன்னு சொல்றவனுக்கும் சில நேரம் யாரோ வேணும்னே விளையாடுற மாதிரித்தான் இருக்கு. மாப்ள, எங்க இருக்கீகன்னாரு. சலூன்லன்னேன். சிரிச்சாரு, மாப்பிள்ளைத் தோரணை இன்னும் போகலயேன்னாரு. பேனர் அச்சடிச்சு வந்துருச்சு, பிள்ளை மொகம் அம்மன் கணக்கா இருக்கு, பயலுக ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டானுக, இன்னும் செத்த நேரத்துல முக்குல ஏறிரும்னாரு. குமரேசன் கை வலிக்கும்னு நெனச்சேன். அந்த நேரத்துல போயி இன்னொருத்தன் கை வலியப் பத்தி நெனக்கிறேன் பாருங்க. மச்சான், ஒரு விஷயம் சொல்லணும்னேன். வந்துருச்சு, வாயிலருந்து வெளியவே வந்துருச்சு. சொல்லுங்க மாப்ளன்னாரு. அவரு குரல் சட்டுன்னு எறங்கிப் போச்சு. பழைய அடி வாங்கினவனுக்கு மறுபடி கை ஓங்கினா அந்தக் குரல்தான் வரும். நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள அவரே பேசினாரு. "மாப்ள, இந்தத் தடவை எதுவும் குறை சொல்லிராதீக. அன்னைக்கு மடி வெறுமனே போச்சு. என் தங்கச்சி வாசல்ல நாலு பேரு பாக்க நான் வந்து நிக்கணும், அது போதும் எனக்கு." கூட ஏதோ சொல்ல வந்து இருமிட்டாரு. டிவியில நாலு பேரும் சிரிக்கிறானுங்க. குமரேசன் என்னைப் பாக்குறான். மொழி பேரைச் சொல்லணும், பிள்ளைக்குப் பிடிக்கல மச்சான்னு சொன்னாப் போதும், பிள்ளைக்காக அவரு கேப்பாரு, நிச்சயமாக் கேப்பாரு, கெட்ட மனுஷன் இல்ல. அதனாலதான் சொல்ல முடியல. கெட்ட மனுஷனா இருந்தா இந்நேரம் சண்டை போட்டு முடிச்சிருப்பேன். ஒண்ணுமில்ல மச்சான், மழை வந்தாலும் வரும், பாத்து வாங்கன்னு சொன்னேன். மழையாம் மழை. சித்திரை மாசத்துல.

குமரேசன் போனைத் திரும்ப என் பையிலயே வச்சுட்டான். வீட்டு விசேஷம்னா இப்படித்தான் சார் டென்ஷனா இருக்கும்ங்கிறான், பாவம், அவனுக்கு என்ன தெரியும். கண்ணை மூடிக்கிட்டேன். வீட்டுக்குப் போனதும் சொல்லலாம், நேர்ல சொன்னாப் பக்குவமாச் சொல்லலாம், கட்டினதை அவுக்க எம்புட்டு நேரமாகும். இப்படியே நாளைக்குக் காலையில சொல்லலாம்னு வரும், அப்புறம் அதான் முடிஞ்சிருச்சேன்னு வரும். எனக்கு இந்த வழியெல்லாம் நல்லாத் தெரியும், பலவாட்டி நடந்த வழிதான். வண்டிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் தொறந்தா கண்ணாடியில குட்டி யானை லோடு வண்டி ஒண்ணு முக்குல நிக்குது, மேல ரெண்டு பேரு, ஒருத்தன் கம்பத்துல ஏறுறான். கயிறை இழுக்க இழுக்க என் பிள்ளை எந்திரிச்சு வர்றா. முதல்ல தலையில ஏதோ கிரீடம், அப்புறம் நெத்தி, அப்புறம் கண்ணு. அது அவ கண்ணு இல்ல, ஸ்டுடியோக்காரன் மை பூசின கண்ணு, உதட்டுக்கும் சாயம் ஏத்தியிருக்கான், பதிமூணு வயசுப் பிள்ளைய இருபது வயசாக்கிட்டான். எங்கள் வீட்டு இளவரசின்னு எழுதியிருக்கணும், கண்ணாடியில எல்லா எழுத்தும் திரும்பிக் கிடக்கு, படிக்க முடியல. கீழ மச்சான் கைகூப்பிக்கிட்டு. அந்தப் பக்கம் நான். கருகருன்னு தலை, மீசைய முறுக்கி விட்டிருக்கான், நெஞ்சை நிமித்தி நிக்கிறேன். வெக்கங்கெட்ட மனசு சொல்லுது, பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கேடான்னு. ஆமா, சொல்லுச்சு. பிள்ளை அங்க தொங்குறா, இவனுக்கு மீசை கேக்குது. டீக்கடையில நின்ன பயலுக ரெண்டு பேரு அண்ணாந்து பாக்குறானுக. ஒருத்தன் போனை எடுக்கிறான். மணி பாக்க எடுத்திருப்பான். அவன் வீட்டுலருந்து போன் வந்திருக்கும். என்னென்னமோ சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கிறேன், அவன் போனை மேல தூக்குறான். எந்திரிச்சுப் போயி ஒரு அறை விடணும். தலையில இந்தக் கருமத்தோட, கழுத்துல துணியோட ரோட்டுல ஓடினா ஊரே பேனரை விட்டுட்டு என்னைத்தான் பாக்கும். அப்படிப் பாத்திருந்தா நல்லாருந்திருக்கும், இப்பத் தோணுது. கால் எந்திரிக்கல. கால் வலி ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு.

தலைய அலச வாங்க சார்ன்னான். குனிஞ்சேன். தண்ணி சில்லுன்னு பிடரியில ஓடுச்சு, தொட்டியில கருப்புக் கருப்பா எறங்கிப் போச்சு, எனக்கு அப்படியே அந்தத் தொட்டியிலயே தலையக் குடுத்துக்கிட்டு விடிய விடியக் குனிஞ்சு கிடக்கலாம் போல இருந்துச்சு. அத்தனை அலுப்பு. வேலை செஞ்ச அலுப்பு தூங்கினாப் போயிரும். இது ஒண்ணுமே செய்யாததால வர்ற அலுப்பு, என்னைக்குப் போறது. துண்டால துவட்டி நிமித்தினான். வெளிய பொழுது சாஞ்சு, முக்குல லைட்டும் போட்டாச்சு, பேனர் மேல பளீர்னு அடிக்குது. மீசைய ஒதுக்கிக்கிட்டே குமரேசன் சொன்னான், வாசல்ல ஒரு பாப்பா நிக்குது சார், உங்களைத்தான் பாக்குது போல, கூப்பிட்டா உள்ள வர மாட்டேங்குதுன்னு. திரும்பிப் பாத்தேன். சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பிள்ளை, தோள்ல புத்தகப் பை, தலையிலருந்து கழுத்து வரைக்கும் துப்பட்டாவைச் சுத்தி, கண்ணு மட்டும் தெரியுற மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தா. யாரு வீட்டுப் பிள்ளையோன்னுதான் ஒரு நிமிஷம் நெனச்சேன். அப்புறம் கண்ணைப் பாத்தேன். மையெல்லாம் ஒண்ணும் இல்லாத கண்ணு. அவளுக்குப் பின்னாடி அந்த முக்கு, அதுல அந்தப் படம், கீழ அதே பயலுக. அதைத் தாண்டித்தான் டியூஷன்லருந்து வீட்டுக்குப் போயி, பையக் கூட எறக்காம இங்க வந்திருக்கா. மாமா வந்துட்டாங்கப்பா, அம்மா உங்களைச் சீக்கிரம் வரச் சொன்னாங்கன்னா. குரல்ல அழுகை இல்ல, கோவமும் இல்ல. பேனரைப் பத்தி ஒரு வார்த்தை கேப்பான்னு பாத்தேன். கேட்டிருந்தா எதையாவது சொல்லிக் கால்ல விழுந்திருப்பேன். அவ கேக்கல. நான்தான் கேட்டேன்.

"ஏம்மா மொகத்தை மூடியிருக்க?"

என்னை நிமிந்து பாத்தா, என் தலையப் பாத்தா, கண்ணைத் தாழ்த்திக்கிட்டா.

"வெயிலா இருக்குப்பா."

முக்கு லைட்டு வெளிச்சத்துல அவ நிழல் சலூன் வாசப்படியில விழுந்து கிடந்துச்சு. ஆமாம்மா, வெயில்தான், பாத்துப் போன்னு சொன்னேன்.